ஆடாத ஆட்டங்களின் கணக்கு

2025 ஜூலை 5 அன்று, தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலுள்ள 700-வது ஆண்டு நினைவு மைதானத்தில் இந்திய மகளிர் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்று வென்றது. ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அந்தப் பிரிவின் கடைசி ஆட்டம் அது. அதற்கு முன் இரண்டு அணிகளும் தலா மூன்று ஆட்டங்களை வென்றிருந்தன. கோல் வித்தியாசமும் இரண்டுக்கும் சரியாக 22. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று இந்தியா புரட்டிப் போட்டிருந்தாலும் தாய்லாந்து வேறு ரகம். 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. ஃபிஃபா தரவரிசையில் 46-வது இடம். இந்தியா 70-வது இடம். அதுவரை தாய்லாந்தை இந்தியா ஒருமுறைகூட வென்றதில்லை. முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. இடைவேளை முடிந்து வந்த சூட்டோடு தாய்லாந்து சமன் செய்தது. 74-வது நிமிடத்தில் சங்கீதாவே மறுபடியும் கோல் போட்டார். அவர் வங்கத்தின் கல்யாணி ஊர்க்காரர், நடுக்கள வீராங்கனை, சம்பளம் வாங்குவது சஷஸ்த்ர சீமா பல் என்னும் எல்லைக் காவல் படையில்.

மறுநாள் செய்திகள் எல்லாம் 'முதல் முறை' என்று எழுதின. தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைவது இந்தியாவுக்கு முதல் முறைதான், அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் வேறொன்றை மறைத்துவிடுகிறது. இதே ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறது, ஒருமுறை மூன்றாமிடம் பெற்றிருக்கிறது. மூன்றும் 1980-க்கும் 1983-க்கும் இடையில் நடந்தவை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் முன்வரிசையில் நின்ற அணி தகுதிச் சுற்றைத் தாண்டியதற்கே கொண்டாடும் நிலைக்கு எப்படி வந்தது? திறமை வற்றிப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. தொடக்கம் முதல் இன்றுவரை வரிசையாகப் படித்துப் பார்த்தால் கண்ணில் படுவது ஒன்றுதான்: இந்த அணிக்கு ஆட்டங்கள் கொடுக்கப்படவில்லை. தோற்ற ஆட்டங்களைவிட ஆடாமல் போன ஆட்டங்களே இதன் கதையைக் கூடுதலாகத் தீர்மானித்திருக்கின்றன.

தொடக்கம் 1975. இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு உருவானதும், பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி லக்னோவில் நடந்ததும் அந்த ஆண்டில்தான். பெண்கள் கிரிக்கெட்டுக்கான சங்கமும் இரண்டாண்டு முன்பு அதே லக்னோவில்தான் பதிவாகியிருந்தது. ஆண்கள் கால்பந்தை நடத்திவந்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் பெண்கள் அமைப்புக்கும் எந்த உறவும் இல்லை. ஆசிய அளவிலும் இதே நிலைதான். 1968-ல் ஹாங்காங்கில் தொடங்கிய ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பை ஆண்களின் ஆசியக் கூட்டமைப்பு நெடுங்காலம் ஏற்கவே இல்லை. பெண்கள் தங்கள் சங்கத்தைத் தாங்களே அமைத்து, கோப்பைக்கும் பயணத்துக்கும் தாங்களே பணம் திரட்டி ஆடிய காலம் அது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் பெண்களுக்கு விதித்திருந்த ஐம்பதாண்டுத் தடையை நீக்கியதே 1971-ல்தான் என்பதை நினைத்தால், லக்னோவில் 1975-ல் தேசியப் போட்டி நடந்தது பின்தங்கிய தொடக்கம் என்று சொல்ல முடியாது.

அந்த அணியின் முதல் பயிற்சியாளர் சுஷில் பட்டாச்சார்யா. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் மன்றத்தில் ஆடி, பிறகு அதன் பயிற்சியாளராகவும் இருந்தவர். ஆண்கள் கால்பந்தில் பேரெடுத்த ஒருவர், யாரும் அங்கீகரிக்காத பெண்கள் அணிக்குப் பயிற்சி தர முன்வந்ததன் அருமை இன்று எளிதில் விளங்காது. அணியின் முதுகெலும்பு வங்கம். சாந்தி மல்லிக், குந்தலா கோஷ் தஸ்திதார் ஆகியோர் அங்கிருந்து வந்தார்கள். கோவாவிலிருந்து யோலண்டா டிசோசா வந்தார்.

1979-ம் ஆண்டுக்குரிய ஆசியப் போட்டி 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்தது. போட்டியை நடத்திய இந்தியா வடக்கு, தெற்கு என்று இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றில் தெற்கு அணி இறுதி ஆட்டத்துக்குப் போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. கால்பந்துக்காகச் சோறு தண்ணீர் மறக்கும் மலபாரில் அந்த இறுதி ஆட்டம் நடந்தது எத்தனை பொருத்தம்! அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம். அங்கே தாய்லாந்து 3-0 என்று வென்றது. அந்த ஆண்டு சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர். அடுத்து ஒரு கால்பந்து வீராங்கனைக்கு அதே விருது வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொற்காலத்தை ஊதிப் பெருக்கவும் கூடாது. அன்றைய ஆசியப் போட்டிகளில் சீனா இல்லை, வடகொரியா இல்லை, தென்கொரியாவும் இல்லை. அந்த அளவுக்கு அன்றைய இரண்டாமிடத்தின் எடை குறைவுதான். ஆனால் ஜப்பான் இருந்தது. ஜப்பான் மகளிர் தேசிய அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதே 1981 ஹாங்காங் போட்டியில்தான், அதாவது இந்தியா மூன்றாமிடம் பெற்ற அதே போட்டியில். அங்கே அவர்கள் தைவானிடமும் தாய்லாந்திடமும் தோற்று, இந்தோனேசியாவை மட்டும் வென்று ஊர் திரும்பினார்கள். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2011-ல், ஃபிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்காவைப் பெனால்டியில் வென்று ஜப்பான் உலகக் கோப்பையைத் தூக்கியது. 2023 அக்டோபரில் தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அந்த ஜப்பானை இந்தியா சந்தித்தபோது முடிவு 7-0.

இடையில் நடந்ததுதான் விஷயம். ஜப்பான் 1989-லேயே பெண்களுக்குத் தேசிய லீக் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அது வர 2016 ஆனது. இருபத்தேழு ஆண்டு இடைவெளி! தென்கொரியாவின் கதை இன்னும் பாடம் சொல்லும். 1990-ல் சியோலில் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்திலேயே அந்த அணி ஜப்பானிடம் 13-1 என்று சிதறியது. வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகாமல் தொடர்ந்து ஆடினார்கள். பதின்மூன்றே ஆண்டில், 2003-ல், உலகக் கோப்பைக்குப் போனார்கள். அப்படிப் படுதோல்வி காணும் வாய்ப்புகூட அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்கு இல்லை. 1986, 1989, 1991, 1993 என்று நான்கு ஆசியப் போட்டிகள் நடந்தன. ஒன்றிலும் இந்திய அணி இல்லை. 1991-ல் முதல் பெண்கள் உலகக் கோப்பை சீனாவில் நடந்தபோது ஆசியாவிலிருந்து சீனா, ஜப்பான், தைவான் மூன்றும் ஆடின. எட்டாண்டு முன்பு ஆசியாவில் இரண்டாமிடத்தில் இருந்த நாடு அந்த வரிசையின் ஓரத்தில்கூட இல்லை.

காரணம் நிர்வாகம். 1986-ல் ஆசியப் பெண்கள் அமைப்பு ஆண்களின் ஆசியக் கூட்டமைப்போடு இணைந்தது. உலக அளவில் ஃபிஃபாவும் பெண்கள் கால்பந்தைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. அதற்கேற்ப இந்தியாவிலும் தனி அமைப்பு மறைந்து, 1990-களின் தொடக்கத்தில் பொறுப்பு அகில இந்தியக் கூட்டமைப்பின் கைக்குப் போனது. இணைப்பால் பணமும் மைதானமும் முறையான போட்டிகளும் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயம். வேறு நாடுகளில் அப்படித்தான் நடந்தது. இங்கே பெண்கள் ஆட்டம் ஆண்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பாகிப் போனது. தேசியப் போட்டி மட்டும் 1991 முதல் புதிய நிர்வாகத்தின் கீழ் நடந்துவந்தது. சாந்தி மல்லிக்கின் தலைமுறை, ஆடும் வயது மிச்சமிருக்கும்போதே ஆட ஆட்டமின்றி ஓய்ந்தது. ஒரு வீராங்கனையின் கால்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆயுள். நிர்வாகம் பத்தாண்டு உறங்கினால் ஒரு தலைமுறை முழுசாகப் போய்விடுகிறது.

அணி மறுபடி ஆசியப் போட்டிக்கு வந்தது 1995-ல். அந்தப் பயணத்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள்: இம்பாலைச் சேர்ந்த ஒயினம் பெம்பெம் தேவி. சிறு வயதில் ஊரில் பெண்களுக்கு அணி கிடையாது என்பதால் பையன்களோடு ஆடியவர். போட்டிகளில் பெண் என்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று 'போபோ', 'அம்கோ' என்ற பெயர்களில் களமிறங்கியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அணித்தலைவி ஆனார், மணிப்பூர் காவல்துறையில் வேலைக்குச் சேர்ந்தார், 2014-ல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் மன்றத்துக்கு ஆடினார். 2016-ல் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்று விடைபெற்றார். முன்னே சொன்ன 2017-ம் ஆண்டின் அர்ஜுனா விருது இவருக்குத்தான், 2020-ல் பத்மஸ்ரீ. இருபதாண்டு ஆடிய ஒருவரின் வாழ்க்கையை இப்படி நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இருபதாண்டில் எத்தனை மாதங்கள் நாட்டுக்காக ஆட ஆட்டமே இல்லாமல் அவர் இம்பாலில் தனியாக ஓடிப் பயிற்சி செய்தார் என்பதை எந்த விருதுப் பட்டியலும் சொல்லாது.

1995-க்குப் பிறகு 2003 வரை ஆசியப் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து ஆடியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஆசியா எங்கோ போய்விட்டது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனா 16 கோல் போட்டது. இந்தியா ஒன்றுகூடப் போடவில்லை. அதன்பின் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆட்டமும் குறைந்தது. 2007 ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குப் பிறகு அணி களமிறங்கவே இல்லை. பதினெட்டு மாதத்துக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடாத அணியைத் தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அன்றைய ஃபிஃபா விதி. 2009-ல் இந்தியாவின் பெயர் அப்படி எடுக்கப்பட்டது. நூறு கோடி மக்களுக்கு மேல் உள்ள நாடு, எண்பதுகளில் ஆசிய இறுதி ஆட்டம் ஆடிய நாடு, செயல்படாத அணி என்று குறிக்கப்பட்டது. கையில் தரமான வீராங்கனைகள் இல்லாமலா? பெம்பெம் தேவி அப்போது தன் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தார்.

அந்த வறண்ட காலத்தில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது மணிப்பூர். தேசிய சாம்பியன் பட்டத்தை அந்தச் சின்ன மாநிலம் இருபது முறைக்கு மேல் வென்றிருக்கிறது. அணித்தலைவியாக இருந்த ஆஷாலதா தேவி, அதிக கோல் போட்ட பாலா தேவி, கோல்கீப்பர் லிந்தோயிங்கம்பி, பின்களத்தில் ஸ்வீட்டி தேவி என்று எந்தக் காலத்து அணியை எடுத்தாலும் பாதி பேர் அங்கிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். மணிப்பூர்ப் பெண்களின் துணிச்சல், மலைநாட்டு உடல்வாகு என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதைவிட எளிய காரணமே முக்கியமாகப் படுகிறது. அங்கே தெருவுக்குத் தெரு உள்ளூர் மன்றங்கள் இருந்தன, ஆடினால் மாநிலக் காவல்துறையில் வேலை கிடைத்தது. மற்ற மாநிலங்களிலும் ரயில்வே, காவல்துறை, எல்லைப் படை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடுதான் இந்தியப் பெண்கள் கால்பந்தின் உண்மையான புரவலர். கால்பந்தை நடத்தும் அமைப்பு கொடுக்காத சம்பளத்தைக் காக்கிச் சட்டை கொடுத்தது. சியாங் மாயில் இரண்டு கோல் போட்ட சங்கீதா வரைக்கும் இந்தக் கதை மாறவில்லை.

2010-ல் அணி திரும்ப வந்தது. தெற்காசிய விளையாட்டில் தங்கம். அதே ஆண்டின் இறுதியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தெற்காசியப் பெண்கள் சாம்பியன் போட்டி முதன்முறையாக நடந்தபோது இறுதியில் நேபாளத்தை 1-0 என்று வென்று பட்டம். பிறகு கொழும்பு, இஸ்லாமாபாத், சிலிகுரி, பிராட்நகர் என்று, முதல் பட்டத்தையும் சேர்த்து ஐந்து முறை தொடர்ந்து இந்தியாவே வென்றது. 2013 முடிவில் தரவரிசையில் 49-வது இடம் வரை ஏறியது. பெருமைதான். ஆனாலும் இந்த ஐந்து கோப்பைகள் ஒரு பொய்யான நிம்மதியையும் தந்துவிட்டன என்பது என் எண்ணம். வீட்டு வாசலில் ஜெயித்துக்கொண்டிருந்தவரை தெருமுனைக்கு அப்பால் நடப்பதை நிர்வாகம் பார்க்கவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை தெற்காசியக் கோப்பை, அதற்கு முன் ஒரு முகாம், பிறகு கலைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவது. இதுவே அணியின் வாழ்க்கைமுறை ஆனது. அந்த நேரத்தில் நேபாளமும் வங்கதேசமும் பள்ளி வயதிலிருந்தே பெண்களைத் திரட்டி வளர்த்துக்கொண்டிருந்தன. 2022-ல் காத்மாண்டுவில் வங்கதேசம் 3-0 என்று இந்தியாவை வென்றது. இந்திய மகளிர் அணியை அவர்கள் வென்றது அதுவே முதல் முறை. அரையிறுதியில் நேபாளமும் தோற்கடித்தது. அந்த ஆண்டும் 2024-லும் கோப்பை வங்கதேசத்துக்குப் போனது.

உள்நாட்டு லீக் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்களுக்குக் கோடிகள் புரளும் புதிய லீக் 2014-ல் வந்தது. பெண்களுக்கான இந்திய மகளிர் லீக் 2016 அக்டோபரில் கட்டக்கில் நடந்த முதல்கட்டச் சுற்றுடன் தொடங்கி, 2017 பிப்ரவரியில் டெல்லியில் முடிந்தது. இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் பட்டத்தை வென்றது. லீக் என்று பெயர் இருந்தாலும் முதல் சில பருவங்களில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்ற முறையான லீக் ஆனதே 2023-24-ல்தான். 2024-25 பருவத்தில் எட்டு அணிகள் ஆடின. ஒரு வீராங்கனைக்குக் கிடைப்பது அதிகபட்சம் பதினான்கு ஆட்டம். மேல்தட்டு லீக்கில் இருப்பவர்களுக்கே இவ்வளவுதான். 2023-ல் கூட்டமைப்பு ஒரு நல்ல விதி கொண்டுவந்தது: ஒவ்வொரு மன்றமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது சம்பளம் தர வேண்டும். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். காவல்துறை வேலையை ஏன் யாரும் விடுவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

தமிழ்நாட்டின் பங்கு இந்த இடத்தில்தான் வருகிறது. அது கடலூரிலிருந்து வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் அரசு இல்லங்களில் வளர்ந்த பெண் குழந்தைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்று அது வளர்ந்தது. இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ், சந்தியா ரங்கநாதன் ஆகியோர் அந்த மைதானத்தில் உருவானவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகச் சாம்பியன் ஆனது. அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் மைதானங்கள் மூடிக் கிடந்தபோது அவர் காக்கிச் சட்டையில் முகக்கவசத்தோடு தெருவில் பணியில் நின்றார். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் அவரும் சந்தியாவும் கார்த்திகா அங்கமுத்துவும் மாரியம்மாள் பாலமுருகனும் இருந்தார்கள்.

அந்த 2022 ஆசியக் கோப்பைதான் இந்த வரலாற்றிலேயே மனசைப் பிசையும் பகுதி. போட்டி இந்தியாவில், நவி மும்பை, மும்பை, புனே. சொந்த மண்ணில் நடப்பதால் தகுதிச் சுற்று தேவையில்லை. அதோடு, காலிறுதிக்குப் போனாலே 2023 உலகக் கோப்பைக்கான வழி திறந்திருக்கும். அந்த ஒருமுறை கூட்டமைப்பு முறையாகத் தயார் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பியை நியமித்தார்கள். 2021-ல் அணியை நாடு நாடாக அனுப்பி ஆட வைத்தார்கள். நவம்பரில் பிரேசிலின் மனாவுஸில், பிரேசிலின் பெரும் வீராங்கனை ஃபோர்மிகா விடைபெற்ற ஆட்டத்தில், ஹோஷியார்பூரைச் சேர்ந்த மனிஷா கல்யாண் எதிரணித் தடுப்பைத் தாண்டி ஓடிப் போட்ட கோல் ஆட்டத்தை 1-1 ஆக்கியது. முடிவில் 6-1 என்று தோற்றார்கள். ஆனால் பிரேசில் வலையில் ஓர் இந்தியப் பெண் அடித்த கோலை அதன் பிறகு யாரும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மனிஷா சைப்ரஸின் அப்போலோன் மன்றத்துக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அதற்கு முன் 2020-ல் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் மன்றத்தில் சேர்ந்திருந்தார்.

2022 ஜனவரி 20. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். கொரோனாவால் அரங்கம் வெறிச்சோடியிருந்தது. ஈரானோடு 0-0. வாய்ப்புகளை வீணடித்த வருத்தம் இருந்தாலும் இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம். 23-ம் தேதி தைவானோடு ஆட வேண்டும். அதற்குள் விடுதியில் இருந்த அணிக்குள் தொற்று பரவி, பன்னிரண்டுக்கும் மேற்பட்டோருக்கு உறுதியானது. களமிறங்க விதிப்படி தேவையான பதின்மூன்று பேரைக் காட்ட முடியவில்லை. ஆட்டம் நடக்கவில்லை. அத்தோடு போகவும் இல்லை: போட்டி விதிகளின்படி இந்தியா விலகியதாகக் கருதப்பட்டது, ஈரானோடு ஆடிய ஆட்டமும் செல்லாது என்று அழிக்கப்பட்டது. போட்டியை நடத்திய நாடு, ஆடிய ஒரே ஆட்டமும் கணக்கில் இல்லாமல் வெளியேறியது. ஓராண்டு உழைப்பு மூன்று நாளில் முடிந்தது. யார்மீது பழி என்று அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. நாற்பதாண்டில் கிடைத்த ஒரே ஒரு பெரிய வாய்ப்பாக அது இருந்ததால்தான் அந்த இழப்பு அத்தனை பெரிதானது. ஆண்டுதோறும் ஆடும் அணிக்கு ஒரு போட்டி கைவிட்டுப் போனால் அடுத்தது வரும். இவர்களுக்கு அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகக் குழப்பத்துக்காக அகில இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. பதினோரு நாளில் தடை விலகியது. ஆனால் அந்த நாட்களில் ஆசிய மன்றப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஒரு ஆட்டமும் ஆடாமல் பெட்டி படுக்கையோடு திரும்பியது. அலுவலக அறையில் ஆண்கள் போட்ட சண்டைக்கு மைதானத்தில் பெண்கள் அபராதம் கட்டினார்கள். அக்டோபரில் இந்தியாவிலேயே நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் சிறுமிகள் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று தோற்றார்கள். அந்தப் போட்டிக்கான தயாரிப்பின்போதே பாலியல் அத்துமீறல் புகாரில் துணைப் பயிற்சியாளர் ஒருவர் நீக்கப்பட்டார். பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு நிர்வாகம் தரும் பதில் இதுதான் என்றால், திறமை இல்லை என்று குறைபட யாருக்கு உரிமை இருக்கிறது?

பெண்கள் கிரிக்கெட்டோடு இதை ஒப்பிடுவது சரியா என்று கேட்பார்கள். பணத்தில் ஒப்பில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் பாதை ஒப்பிடத்தக்கது. அதே லக்னோவில், அதே எழுபதுகளில், தனி அமைப்பாகத் தொடங்கி, பிறகு ஆண்கள் வாரியத்தோடு இணைந்த விளையாட்டு அதுவும். இணைந்த பிறகு அங்கும் பல ஆண்டு புறக்கணிப்பு இருந்தது. பின்னர் ஆண்டு ஒப்பந்தம், தொடர்ச்சியான சர்வதேசத் தொடர்கள், சமமான ஆட்ட ஊதியம், சொந்த லீக் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இடம் நவி மும்பையின் அதே டி.ஒய். பாட்டீல் மைதானம்.

சியாங் மாய் வெற்றிக்கு முன்னால் நடந்ததையும், தொடர்ந்து ஆட ஆட்டம் கிடைத்ததா என்ற கண்ணோடு பார்க்க வேண்டும். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கிறிஸ்பின் சேத்ரி. பெங்களூருவில் நீண்ட முகாம் நடந்தது, உஸ்பெகிஸ்தானோடு நட்பு ஆட்டங்கள் ஆடினார்கள். லீக்கும் ஏப்ரல் வரை நடந்து முடிந்திருந்ததால் கால்கள் துருப்பிடிக்காமல் இருந்தன. மந்திரம் எதுவும் இல்லை. சில மாதங்கள் தொடர்ந்து சேர்ந்து ஆட விட்டார்கள். தன்னைவிட இருபத்து நாலு இடம் மேலிருந்த அணியை அவர்கள் ஊரிலேயே வென்றார்கள். ஒரு மாதம் கழித்து யாங்கூனில் இருபது வயதுக்குட்பட்டோர் அணி மியான்மரை 1-0 என்று வென்று, இருபதாண்டு இடைவெளிக்குப் பின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு முடிவுகளும் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன்.

இனி செய்ய வேண்டியவை பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்: எட்டு அணி லீக்கைப் பன்னிரண்டாக்குவது, மாநில லீக்குகளை ஆண்டுதோறும் நடத்துவது, ஃபிஃபா ஒதுக்கும் சர்வதேச நாட்களில் ஒன்றையும் வீணாக்காமல் ஆடுவது. எல்லாமே தேவை. கூடவே இன்னொன்றும் உண்டு; செலவு குறைவு, ஆனால் அவகாசம் அதிகமில்லை. 2024 அக்டோபரில் தெற்காசியப் போட்டியில் ஆஷாலதா தேவி நூறு சர்வதேச ஆட்டங்களை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார், பாலா தேவி ஐம்பதாவது கோலைத் தொட்டார். இந்த எண்கள் நம்மிடம் இருக்கின்றன. சாந்தி மல்லிக்கின் தலைமுறைக்கு அப்படி ஒரு முழுமையான கணக்கு ஓரிடத்திலும் கிடைப்பதில்லை. தனி அமைப்பின் காலத்தில் நடந்த ஆட்டங்களை யாரும் ஒழுங்காகத் தொகுக்கவில்லை. கோழிக்கோடு, ஹாங்காங், பாங்காக் ஆட்டங்களில் யார் யார் இறங்கினார்கள், எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார்கள் என்ற விவரம் பழைய நாளிதழ்க் கட்டுகளிலும் வீராங்கனைகளின் வீட்டு அலமாரிகளிலும் அவர்கள் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. ஆசியக் கூட்டமைப்பு அந்தப் போட்டிகளைத் தன் வரலாற்றின் பகுதியாக ஏற்றுக்கொண்டு பட்டியலிடுகிறது. நம் கூட்டமைப்பு இரண்டு ஆய்வாளர்களை ஓராண்டுக்கு அமர்த்தினால் போதும். அந்த வீராங்கனைகளில் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். நேரில் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.